தெருப் பெயர் இல்லாத ஜோடிகள்

புள்ளிவிவரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஒட்டுறவுக் கெழுவைப் பற்றி ஏதாவது சொல்லும்படி கேட்டார்கள். அதை எப்படிக் கணக்கிடுவது என்று நான் சொல்லப் போவதில்லை. எந்தப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கிறது. உங்கள் மேஜையில் கைப்பிடி சுற்றும் இயந்திரமும் இருக்கிறது. நாங்கள் மடக்கை அட்டவணையையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்தோம். நான் சேர்ந்தபோது என் பதவியின் பெயரே கம்ப்யூட்டர்தான். இப்போது அந்தப் பெயரில் ஓர் அறையை அடைக்கும் இயந்திரம் வந்திருக்கிறதாம். கொடுத்ததைக் கொடுத்தபடி கூட்டிப் பெருக்கும், எதிர்க்கேள்வி கேட்காது என்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் நேர்ந்ததைச் சொல்கிறேன்.

பக்கத்தில் யாராவது நண்பர் கணக்குத் தெரியாமல் விழித்தால் அவருக்கு இதை மட்டும் சொல்லிவிடுங்கள். இரண்டு நெடுவரிசைகள். ஒன்றில் எண் ஏறும்போது பக்கத்தில் இருப்பதும் ஏறுகிறதா என்று கேட்கிறோம். கெழு ஒன்றை நெருங்கினால் இரண்டும் கைகோத்து நடக்கின்றன. பூஜ்யத்தை நெருங்கினால் ஒன்றுக்கு மற்றது யாரோ எவரோ. ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு எண்களை எங்கள் அலுவலகத்தில் ஜோடி என்று சொல்வோம். கலியாணத் தரகர்கள் பயன்படுத்தும் அதே சொல். தரகராவது இரண்டு வீட்டிலும் விசாரிப்பார்.

முப்பதுகளின் தொடக்கம். நகரத்தின் தென்பகுதிச் சுகாதாரக் கணக்குகளைப் பார்க்கும் அலுவலகம் ஒன்றில் இருந்தேன். கணிதத்தில் பட்டம், தற்காலிக நியமனம், மூன்று வருடமாக நிரந்தரம் ஆகும் ஆகும் என்ற பேச்சு. எங்கள் அதிகாரி ஒரு டாக்டர். அவர் நல்லவர். இந்தக் கதையில் சில இடங்களில் அப்படித் தெரியாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரிலும் அதைச் சுற்றியும் ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்துகொண்டிருந்தன. அந்தப் பதிவேட்டை அவர் வாரம் தவறாமல் வாங்கிப் பார்ப்பார்.

பாலில் கலக்கும் தண்ணீர்தான் காரணம் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். மந்தைவெளி அப்போது பெயருக்கு ஏற்றபடி இருந்தது. எருமைகளும் மாடுகளும் மேயும் வெளி. ஓரத்தில் பால்காரக் குடும்பங்களின் குடிசைகள். அத்தனை பேரையும் நகர எல்லைக்கு வெளியே அனுப்ப வேண்டும் என்பது அவருடைய திட்டம். ஆனால் நகர மன்ற உறுப்பினர்களிடம் நம்பிக்கையைச் சொன்னால் எதிர்த்துப் பேசுவார்கள். தசமப் புள்ளி வைத்த ஓர் எண்ணைச் சொன்னால் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த எண்ணுக்காக என்னைக் கூப்பிட்டார்.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஒரு கோடை முழுவதும் லாக்டோமீட்டரைத் தூக்கிக்கொண்டு நாற்பது தெருக்களில் அலைந்தார். எந்தத் தெருவுக்கு வரும் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று ஒரு பதிவேடு. எந்தத் தெருவில் எத்தனை குழந்தை இறந்தது என்று இன்னொரு பதிவேடு. நான் குடியிருந்தது குளத்துக்கு அருகே ஒரு தெரு. அதைப் பற்றி இன்ஸ்பெக்டர் என்னிடம் தனியாக ஒரு பாராட்டுத் தெரிவித்தார்.

"உங்க தெருதான் சார் முதல் மார்க். அது பாலா தண்ணியான்னு லாக்டோமீட்டருக்கே குழப்பம் வந்துடுச்சு."

நான் சிரித்தேன். என் காலைக் காப்பியின் நிறம் எனக்குத் தெரியாததில்லை.

இரண்டு பதிவேடுகளிலிருந்தும் ஒரே தாளில் பட்டியல் தயாரிக்கும் வேலை சந்தானத்துக்கு. அவர் நகல் எழுதும் குமாஸ்தா. பத்தொன்பது வருடச் சேவை. அச்சுக்கோத்ததுபோன்ற கையெழுத்து. தெருப் பெயர்களையும் எழுத வேண்டுமா, ஒவ்வொன்றும் முழ நீளம் இருக்கிறதே என்று அவர் கேட்டார். இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்க நான் பதில் சொன்னேன், சூத்திரத்தில் தெருப் பெயருக்கு இடமில்லை, எண்கள் மட்டும் போதும் என்று. சொன்னது சரிதான். சூத்திரத்தில் இடமில்லை. அன்று என் குரலில் இருந்த மிடுக்கை நினைத்தால் இப்போதும் நாற்காலியை விட்டு எழுந்துகொள்ளத் தோன்றுகிறது.

பட்டியல் வந்தது. தண்ணீர் ஒரு நெடுவரிசை, சாவு ஒரு நெடுவரிசை, நாற்பது வரி. நான் மும்முறை கணக்கிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே விடை. கெழு ஒன்றைத் தொட்டுவிடும் தூரத்தில் நின்றது.

கல்லூரியில் எனக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். விடை அழகாக வந்தால் சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி கணக்கில் உட்கார் என்பார். நான் சட்டையைக் கழற்றவில்லை. அதே சட்டையோடு டாக்டரின் அறைக்கு ஓடினேன். உடன்பிறந்தவர்களுக்குள்கூட இத்தனை ஒட்டுறவு கிடையாதே என்று ஒரு நொடி நின்று யோசித்திருக்கலாம். விடை தப்பாகுமோ என்றுதான் மும்முறை பார்த்தேன். கேள்வியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். அறிக்கை எழுதப்பட்டது, அவர் கையெழுத்திட்டார், மந்தைவெளிக் குடும்பங்களுக்கு நோட்டீஸ் போனது. ஒரு வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மன்றத்தில் விவாதம். அது நிறைவேறினால் மாதம் முடிவதற்குள் குடிசைகளைக் காலி செய்ய வேண்டும்.

அந்த வியாழக்கிழமை காலையில் கன்னியம்மா எங்கள் வாசலில் பால் குடத்தை இறக்கினாள். எங்கள் தெரு முழுவதற்கும் அவள்தான் பால்காரி. மூன்று எருமைகள், கணவன் இல்லை, மந்தைவெளியில் குடிசை. வழக்கமாக ஊற்றிவிட்டுப் போய்விடுவாள். அன்று அளவுப் படியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா ஐயரே, கணக்கு நீதான் எழுதினியாமே. என் பாலக் குடிச்சி கொழந்தைங்க செத்துச்சின்னு."

அவள் பால் என்று தனியாக எதுவும் எழுதவில்லை, நாற்பது தெருவையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு போக்கு தெரிகிறது என்று தொடங்கினேன். இப்படிப்பட்ட வாக்கியங்கள் அப்போதெல்லாம் எனக்குச் சரளமாக வரும்.

"நாப்பது தெருவ வுடு. நான் ஊத்தறது இந்த ஒரு தெரு. இங்க எந்தக் கொழந்த செத்துச்சி? பேரச் சொல்லு."

வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. அந்த வருடம் எங்கள் தெருவில் குழந்தைகளின் ஆண்டு நிறைவுக்கு நடந்த ஆயுஷ்ஹோமங்கள் அத்தனைக்கும் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். அத்தனை குழந்தைகளும் இடுப்பிலும் வாசல்படியிலும் இருந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை.

அவள் ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் பட்டியலின் கடைசி வரி கண்ணில் நின்றது. நாற்பதிலேயே அதிகத் தண்ணீர் காட்டியது அந்த வரிதான், அப்படியென்றால் அது எங்கள் தெரு. இன்ஸ்பெக்டரே சொன்னார். அதே வரியில் பக்கத்து எண், நாற்பதிலேயே அதிகமான சாவு. யாருடைய குழந்தைகள் அவை?

காப்பி குடிக்காமல் கிளம்பினேன். சந்தானம் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். சந்தியாவந்தனம் முடித்துவிட்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்.

"ஏன் ஓய் இப்படி ஓடி வரீர்? ஆத்துல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

பட்டியலில் இரண்டு நெடுவரிசைகளையும் எப்படி எழுதினார் என்று கேட்டேன்.

"எப்படி எழுதறது? டாக்டருக்கு ஏறுவரிசையில இல்லேன்னா கோபம் வருமே. ரெண்டையும் ஏறுவரிசையில அடுக்கினேன். ஒண்ணை மட்டும் அடுக்கினா மத்தது பல்லை இளிச்சுண்டு நிக்காதோ?"

அவர் சொன்னது உண்மை. ஏறுவரிசையில் இல்லாத பட்டியல் தன் மேஜைக்கு வரக்கூடாது என்று டாக்டர் எழுத்து மூலமாகவே உத்தரவிட்டிருந்தார். தெருப் பெயர் எழுதியிருந்தால் சந்தானத்தால் அப்படி அடுக்கியிருக்க முடியாது. பெயர் இரண்டு எண்களையும் ஒரே வரியில் கட்டிப் போட்டிருக்கும். அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டவன் நான்.

இன்னும் பிடிபடாதவர்கள் இப்படி நினைத்துப் பாருங்கள். ஒரு தெருவின் கணவன்மார்களைக் குட்டையிலிருந்து நெட்டை வரை வரிசையாக நிறுத்துங்கள். மனைவிமார்களையும் தனியாக அதே மாதிரி நிறுத்துங்கள். எதிரெதிரே பார்க்க வைத்துப் புகைப்படம் எடுங்கள். நெட்டை ஆண்கள் எல்லாரும் நெட்டைப் பெண்களையே கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று படம் அடித்துச் சொல்லும். யாரும் தன் பெண்டாட்டிக்கு எதிரே நிற்கவில்லை என்பது படத்தில் தெரியாது. எந்த இரண்டு எண் கூட்டத்தையும் இப்படி அடுக்கினால் கெழு எகிறிக்கொண்டு மேலே போகும். நாற்பது வரியிலும் நான் ஊரான் பெண்டாட்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

மூலப் பதிவேடுகள் இன்ஸ்பெக்டரின் கிளை அலுவலகத்தில், தியாகராய நகரில் இருந்தன. லஸ்ஸில் ஒரு ஜட்கா பிடித்தேன். ஏரியை மூடி மனை போட்டிருந்த ஊர் அது. பாதிச் சுவர்களும் செங்கல் குவியலுமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் வெளியே போயிருந்தார். அங்கிருந்த குமாஸ்தா, மேலதிகாரியின் எழுத்து உத்தரவு இல்லாமல் பதிவேடு வெளியே போகாது என்றார். அவர் சொன்னது விதி. ஆனால் விதிகளை நான் அவரைவிட நன்றாகப் படித்திருந்தேன். கணக்கில் பிழை சந்தேகிக்கப்படும்போது கணக்கிட்டவரே கோரிக்கை எழுதிப் பதிவேட்டை இருபத்துநாலு மணி நேரத்துக்கு எடுத்துப் போகலாம் என்று ஒரு துணைவிதி உண்டு. யாரும் பயன்படுத்தாத விதி, ஏனென்றால் தன் பிழையைச் சந்தேகித்ததாக யாரும் எழுதித் தருவதில்லை. நான் எழுதிக் கொடுத்தேன். அதைப் பெற்றுக்கொண்டபோது அவருடைய முகத்தில் ஒரு துக்க விசாரிப்பு தெரிந்தது.

மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. டாக்டர் அன்று அடையாற்று வீட்டில் சாப்பிட்டுவிட்டு நேராக மன்றத்துக்குப் போவதாக ஏற்பாடு. ஜட்காவை அடையாறுக்கு விடச் சொன்னேன்.

நாற்பது தெருவுக்கும் முறையாகக் கெழு கணக்கிட எனக்கு அரை நாள் வேண்டும். இருந்தது ஒரு மணி நேரம், அதுவும் குலுங்கும் வண்டியில். அப்போது நான் செய்ததை எந்தப் புத்தகத்திலும் சிபாரிசு செய்ய மாட்டார்கள். ஆனால் அவசரத்துக்கு அதுதான் சரி என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரு தாளில் நாலு கட்டம் போட்டேன். தண்ணீர் அதிகமான தெரு மேலே, குறைவானது கீழே. சாவு அதிகமான தெரு வலப்பக்கம், குறைவானது இடப்பக்கம். பதிவேடுகளைப் பார்த்து ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு புள்ளி. இரண்டும் கைகோத்துப் போனால் புள்ளிகள் மேல் வலப்பக்கத்திலும் கீழ் இடப்பக்கத்திலும் கும்பலாக விழ வேண்டும். மற்ற இரண்டு கட்டங்களும் காலியாக இருக்க வேண்டும்.

வண்டிக்காரர் சாயபு திரும்பித் திரும்பிப் பார்த்தார். பதிவேடுகள் ஒரு தொடையில், தாள் ஒரு தொடையில், பென்சில் பல்லில்.

"பரீட்சையா சாப்?"

ஆமாம் என்றேன். பாஸ் ஆகிவிடுவேன் என்று ஆறுதல் சொல்லிக் குதிரையைத் தட்டினார். பாலத்தில் ஏறும்போது நாற்பதாவது புள்ளியை வைத்தேன். நாலு கட்டத்திலும் புள்ளிகள் கிட்டத்தட்டச் சமமாக விழுந்திருந்தன. கை தவறிக் கொட்டிய கடுகுபோல.

டாக்டர் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். நான் நின்றபடியே சொன்னேன். உட்காரச் சொன்னார். என்னால் முடியவில்லை. நாலு கட்டத் தாளை வாங்கி வெகு நேரம் பார்த்தார்.

"இது நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்."

"தெரியும் சார்."

"குழந்தைகள் செத்தது பொய்யா?"

"இல்லை சார். அந்த எண்ணிக்கை சரி. பாலில் தண்ணீர் இருந்ததும் சரி. இதுக்குப் பக்கத்துல அதை நிறுத்தினதுதான் தப்பு."

"அப்போ எதனால சாகறது?"

"தெரியாது சார்."

"அந்த வார்த்தையைச் சொல்றதுக்கு உனக்குச் சம்பளம் இல்லை."

வாசலில் அவருடைய கார் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. யார் செய்த பிழை என்று கேட்டார். இந்த இடத்தை நீங்கள் எல்லாரும் ஒருநாள் கடக்க வேண்டியிருக்கும். சந்தானம் வரிசையை மாற்றினார் என்று சொன்னால் அதில் ஒரு பொய்யும் இல்லை. பத்தொன்பது வருடச் சேவை அன்று மாலை முடிந்திருக்கும். என் நிரந்தரம் பிழைத்திருக்கும். நான் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், உங்களிடம் மறைப்பானேன். வெளியே வந்தது வேறு. தெருப் பெயர் வேண்டாம் என்று நான் சொன்னேன், பெயர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்றேன். ஏறுவரிசை உத்தரவு யாருடையது என்பதை அவர் தானாகவே நினைத்துக்கொண்டார் என்று தோன்றியது. முகம் மாறியது.

பேனாவை எடுத்து அறிக்கையில் என் கெழு இருந்த பக்கத்தைக் குறுக்கே அடித்தார். அன்று மன்றத்தில் எழுந்து, ஆதாரம் இன்னும் போதவில்லை, தீர்மானத்தை நிறுத்தி வையுங்கள் என்று சொன்னார். உறுப்பினர்கள் அவரைக் கேலி செய்ததாகக் கேள்விப்பட்டேன். நோட்டீஸ் நிறுத்தப்பட்டது. என் நிரந்தரம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. அந்த இரண்டு உத்தரவுகளிலும் அவருடைய கையெழுத்தே இருந்தது. இரண்டும் நியாயம்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்கு நல்ல பாடம் ஒன்று கிடைத்திருக்கும். பெயரை விடாதே, ஜோடியைப் பிரிக்காதே. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு மறுநாள் காலையில் கன்னியம்மாவிடம் பெருமையாகச் செய்தியைச் சொன்னேன்.

"அப்போ என் பாலு நல்ல பாலுன்னு எழுதிட்டியா?"

அப்படி எழுதவில்லை, தண்ணீர் அளவுக்கும் சாவுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றுதான் எழுதினோம் என்றேன். அவள் படியைக் குடத்தின் விளிம்பில் தட்டினாள்.

"தண்ணி ஊத்தறதுதான். எல்லாந்தான் ஊத்துது. எந்தத் தண்ணின்னு எவனாச்சும் கேட்டீங்களா? நான் ஊத்தறது என் கெணத்துத் தண்ணி, நானும் அதத்தான் குடிக்கறேன். கால்வா ஓரத்துல ஊத்துக்குழி கீது பாரு, போற வழின்னு அதுல மொண்டு ஊத்திக்கினு போறானுங்க. எருமைய அங்கியேதான் கழுவறானுங்க."

லாக்டோமீட்டர் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லும். எந்தத் தண்ணீர் என்று சொல்லாது. நாங்கள் அளக்க முடிந்ததை அளந்து, அதையே காரணமாக்கப் பார்த்திருந்தோம். கேட்டிருக்க வேண்டிய நெடுவரிசை பட்டியலிலேயே இல்லை.

டாக்டரிடம் போனேன். இந்த முறை தெருப் பெயர்களை அவரே கேட்டார். இன்ஸ்பெக்டரும் நானும் ஒரு மாதம் அலைந்தோம். பாலில் தண்ணீரா, அப்படி ஒரு பாவம் உண்டா என்று பால்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கன்னியம்மா மட்டும் சொன்னாள். எந்தத் தெருவுக்கு யார் ஊற்றுகிறார்கள், அவர்கள் எங்கே மொண்டுகொள்கிறார்கள் என்று. அவள் சொன்னபடி தெருக்களைப் பிரித்தேன். கால்வாய்க் குழித் தண்ணீர் போன தெருக்களில்தான் சாவுகள் மிகுந்திருந்தன. எல்லாம் அல்ல. ஆனால் புள்ளிகள் கடுகுபோலச் சிதறவில்லை.

இப்போது நான் மாறிய மனிதன். பெயரை விட்டுச் சூடுபட்டவன். எதையும் பெயரில்லாமல் எழுதுவதில்லை. தெரு, கிணறு, குழி, சோதித்த நாள், சோதித்தவர், எல்லாவற்றுக்கும் பெயர். விசாரணைப் படிவத்தின் கடைசியில் தகவல் தந்தவர் என்று ஓர் இடம் இருந்தது. மற்றவர்கள் அதில் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். நான் எழுதினேன்: பால்காரி கன்னியம்மாள், மந்தைவெளி. இவ்வளவு முழுமையான படிவம் பிரிவில் இதற்கு முன் வந்ததில்லை என்று இன்ஸ்பெக்டரே சொன்னார்.

குழியை மூட உத்தரவு வந்தது. உத்தரவில் ஆதாரம் குறிப்பிட வேண்டும் என்பது விதி. என் படிவத்தின் கடைசி வரி எழுத்துக்கு எழுத்து அதில் ஏறியது. கால்வாய்க்கரைக் கம்பத்தில் ஒட்டினார்கள். படிக்கத் தெரிந்த ஒருவன் மற்றவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினான். அன்று காலை அங்கே பிடிபட்ட பால் முழுவதையும் இன்ஸ்பெக்டரின் ஆட்கள் மணலில் கொட்டியிருந்தார்கள்.

பத்து நாளில் வேறொருவன் எங்கள் வாசலில் குடத்தை இறக்கினான். கன்னியம்மா எங்கே என்றேன். பாலை ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னான்.

"பூட்டா. பேரப் போட்டு ஒட்டினீங்க. அப்பறம் அவ மாட்ட யாரு மேய வுடுவா?"

ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள் என்பதற்கு மேல் அவன் சொல்லவில்லை. அவள் மந்தைவெளியில் இருக்க வேண்டும் என்பதற்காக நான் மூன்று ஊர் ஓடினேன். என் தப்பான கெழு அவளை வெளியேற்றவில்லை. என் சரியான படிவம் வெளியேற்றியது.

அவளைத் தேடிப் போக எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். அடையாற்றுக்குத் தெற்கே, திருவான்மியூர் போகும் மணல் பாதையில், பனைகளுக்கு நடுவே குடிசை. மூன்று எருமைகளில் ஒன்றுதான் இருந்தது. அந்தப் பக்கத்தில் பால் வாங்க வீடுகளே அதிகம் இல்லை. வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

கோப்பில் அவள் பெயரை அடித்துவிட்டேன் என்றேன். அது உண்மை. எந்த விதியும் இல்லாமல், பேனாவால், எழுத்துத் தெரியாதபடி அடித்திருந்தேன்.

"படிச்சவன் படிச்சிட்டான் ஐயரே."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் இன்னொரு வறட்டியைத் தட்டிச் சுவரில் அப்பினாள். பிறகு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"குழிய மூடிட்டாங்களே. கொழந்தைங்க சாவறது கொறஞ்சிதா?"

அந்த வாரம்தான் வருடக் கணக்கை முடித்திருந்தேன். குறைந்திருந்தது. ஆனால் அதே வருடம் அந்தத் தெருக்களுக்குக் குழாய் நீட்டியிருந்தார்கள். கோடையும் கடுமையாக இல்லை. கையில் இருந்தது முன்பு ஒரு வருடம், பின்பு ஒரு வருடம், அவ்வளவுதான். இரண்டே ஜோடி எண்களை வைத்துக்கொண்டு எதையும் எதோடும் ஒட்ட வைக்கலாம். கெழு கண்ணை மூடிக்கொண்டு ஒன்று என்று விடை தரும். குழியை மூடியதால்தான் குறைந்தது என்று அறிக்கையில் எழுதும்படி டாக்டர் சொன்னபோது நான் மறுத்திருந்தேன். தெரியாது என்று எழுதியிருந்தேன். இரண்டாவது தடவை அந்த வார்த்தைக்கு அவர் கோபிக்கவில்லை.

கன்னியம்மா சாணிக் கையோடு பதிலுக்குக் காத்திருந்தாள்.

"கொறஞ்சிது. உன்னாலதான்," என்றேன்.

என் பணிக்காலத்தில் ஆதாரமில்லை என்று தெரிந்தே நான் சொன்ன முடிவு அது ஒன்றுதான். அதைத் திருத்தச் சொல்லி யாரும் என்னிடம் வராதீர்கள்.